கூண்டிலிருந்து வீட்டுக்கு: மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுக்கப் போறீங்களா?

குன்றத்தூர், ஒரகடம் பக்கம் வீடு எடுத்துக் குடியேறியாச்சு, இனி ஒரு நாய் வளர்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? காசு கொடுத்துக் குட்டி வாங்கும் முன், மீட்பு மையங்களில் காத்திருக்கும் நாய்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சட்டவிரோதப் பண்ணைகளில் குட்டி போடுவதற்காகவே கூண்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த நாய்களும் அவற்றில் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017-ல் வந்தன. இதன்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி வாங்குகிறவர் பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் கேட்கலாம். காட்ட மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். நாம் வாங்குகிற வரைக்கும்தான் அந்தக் கூண்டுகள் இருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளை அணுகலாம். வழக்கில் பறிமுதல் செய்யப்பட்ட நாய் என்றால், வழக்கு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால், தற்காலிகப் பராமரிப்புக்கு மட்டுமே உங்களிடம் தரக்கூடும். கையெழுத்துப் போடும் முன் தாளை முழுசாகப் படியுங்கள். தடுப்பூசி அட்டை, கருத்தடை விவரம் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். பல முறை குட்டி போட்ட நாய்க்குப் பல், தோல், மடி, கருப்பை ஆகியவற்றில் தொல்லை இருக்கலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள்.

முதல் சில வாரங்கள்

இந்த நாய்களில் சில புல்லை மிதித்திருக்காது, படி ஏறியிருக்காது. மிக்ஸி சத்தத்துக்கே மூலையில் ஒடுங்கும். வந்த அன்றே தூக்கிக் கொஞ்சாதீர்கள், அதுவாக வரட்டும். வெளியே போக நேரம் பழக்க மாதக்கணக்கில் ஆகலாம். அடிக்கவோ அதட்டவோ கூடாது. கதவையும் கேட்டையும் மூடியே வையுங்கள். பயந்த நாய் ஓடிவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

ஷிப்ட் வேலையா? வாடகை வீடா?

வீட்டில் எல்லோருமே ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பத்து மணி நேரம் தனியாகப் பூட்டி வைத்தால் அதற்கு அதுவும் ஒரு கூண்டுதான். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வளர்ப்பு நாய் பதிவு பற்றி நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ரேபிஸ் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

முடியாது என்று தோன்றினால், எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நாயை இன்னொரு முறை தெருவில் விட வேண்டாம்.