பேச்சு வரும் என்று காத்திருக்கலாமா?

அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை போகும் எங்கள் ஓய்வூதியக்காரர் குழுவில் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசாத நாளில்லை. "இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை" என்று ஒருவர் கவலைப்பட்டால், "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்பார் மற்றவர். "வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், பிள்ளை குழம்பாதா?" என்பார் இன்னொருவர். ஆறுதல் நல்லதுதான். ஆனால் அந்த ஆறுதலிலேயே ஓராண்டு ஓடிவிடுகிறது.

பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. 1943-ல் டாக்டர் லியோ கானர் இதை விவரித்தபின், தாயின் பாசக்குறைவே காரணம் என்று பல ஆண்டுகள் பழி சொன்னார்கள். அது தவறு என்று பின்னர் தெளிவாயிற்று. தடுப்பூசியைக் காரணம் காட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் விலக்கிக்கொண்டது. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. யாருடைய குற்றமும் அல்ல.

வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டியவை இவை: ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒன்றரை வயதிலும் நிலாவையோ நாயையோ விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதிலும் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாதது, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருப்பது. வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்தவன். மஞ்சள் சிக்னல் கண்டால் டிரைவர் அங்கேயே வண்டியை நிறுத்துவதில்லை. அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகிறார். இந்த அறிகுறிகளும் அப்படித்தான். ஒன்றிரண்டைக் கண்டதும் ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். ஆகவே செவித்திறன் சோதனையும், குழந்தை மருத்துவர் மூலம் வளர்ச்சிப் பரிசோதனையும் அவசியம்.

நம் பெங்களூரில் நிம்ஹான்ஸ் குழந்தை மனநலப் பிரிவு இருக்கிறது. மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது. அப்படி விற்பவரை நம்ப வேண்டாம். ஆனால் சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சியால் பேச்சும் பழக்கமும் பெரிதும் மேம்படும்.

பெரும்பாலும் முதலில் சந்தேகிப்பவள் தாய்தான். மகளோ மருமகளோ "கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை" என்று சொன்னால், பெரியவர்களாகிய நாம் அவள் வாயை அடைக்காமல், ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் உடன் செல்வோம்.