கடைசிக் காவல்

இராசபாளையத்திற்கு மேற்கே, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் என்னும் இடம் உள்ளது. மழைக்காலத்தில் அங்கு அருவியும் ஓடையும் நிறைந்து பாயும். 'நீர் காத்த அய்யனார்' என்று அப்பகுதி மக்கள் தங்கள் காவல் தெய்வத்தை அழைக்கின்றனர். அதனைச் சூழ்ந்த காடு இன்று திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. விடுமுறை நாளொன்றில் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாமும் அப்பக்கம் சென்றிருந்தோம்.

மலைக்குச் செல்லும் வழியில், மாந்தோப்பொன்றின் ஓரத்தில் சிறுவர் சிறுமியர் கால்பந்து ஆடத் தொடங்கினர். இரண்டு சோடிச் செருப்புகளே கோல் கம்பங்கள். பத்து அல்லது பதினொரு வயது நிரம்பிய சிறுமி ஒருத்தியை அவள் அண்ணன் அங்கே நிறுத்தினான். "உனக்கு ஓட வராது, நீ கோல்ல நில்லு" என்பது அவன் கட்டளை. அவளோ நின்றதோடு அமையவில்லை. வந்த பந்துகளுக்கெல்லாம் மண்ணில் பாய்ந்து விழுந்தாள். முழங்காலில் இரத்தம் கசிந்தது. அதைக் கண்ட தாய் ஓடிவந்து, "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு? கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்கிடுவா?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். சிறுமி ஒன்றும் பேசவில்லை. பாவாடையில் ஒட்டிய மண்ணை மட்டும் தட்டிக்கொண்டாள்.

அத்தாயின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பெண்ணைப் பெற்றோர் பலருடைய உள்ளத்திலும் உள்ள அச்சமே அது. ஆயினும், சோறு பரிமாறப்பட்ட வேளையில், அவருக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொன்னோம். அதையே இங்கு வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

சென்னையில் பிறந்தவர்

அதிதி சௌகான் 1992 நவம்பர் 20-ஆம் நாள் சென்னையில் பிறந்தவர், தில்லியில் வளர்ந்தவர். சிறுவயதில் கராத்தேயும் கூடைப்பந்தும் பயின்றார். பள்ளிப் பருவத்திலேயே கால்பந்தில் கோல் கீப்பராகத் தில்லி மாநில அணிக்குத் தேர்வு பெற்றார். கன்னியர் சபையொன்று நடத்தும் தில்லி இயேசு மரி கல்லூரியில் பட்டம் பெற்றபின், இங்கிலாந்து சென்று லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படித்தார். ஆட்டத்திற்காகப் படிப்பை அவர் கைவிடவில்லை. படிப்பிற்காக ஆட்டத்தையும் விட்டுவிடவில்லை. பெற்றோர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இது.

கோல் கீப்பரின் பணி எத்தகையது என்பதைச் சிறிது காண்போம். கோல் வாயில் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. ஆண்கள் ஆடினாலும் பெண்கள் ஆடினாலும் அளவு ஒன்றே. களத்தில் ஆடும் பதினொருவருள் பந்தைக் கையால் தொடும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு; அதுவும் கோலுக்கு முன் 18 கெஜ எல்லைக்குள் மட்டுமே. தம் அணியினர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தை அவர் கையால் எடுக்கலாகாது என்ற விதி, அதிதி பிறந்த அதே 1992-இல் வந்தது. எனவே கைகளோடு கால்களும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். முன்னே ஆடுவோர் ஐந்து முறை தவறினாலும் ஒரு கோல் அடித்துவிட்டால் பாராட்டுப் பெறுவர். கோல் கீப்பரோ ஐந்து முறை காத்து ஒரு முறை தவறினால், அந்த ஒன்றே பேசப்படும்.

ஐந்து கோல்கள்

2015-ஆம் ஆண்டு, இலண்டனைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணியில் அதிதி சேர்ந்தார். அவ்வணி அப்போது இங்கிலாந்து மகளிர் கால்பந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிவந்தது. ஆகஸ்ட் 16-ஆம் நாள் கவென்ட்ரி அணிக்கு எதிராக அவர் களமிறங்கினார். இந்திய தேசிய அணி வீராங்கனை ஒருவர் இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் ஆடியது அதுவே முதன்முறை. அன்று வெஸ்ட் ஹாம் 0-5 என்ற கணக்கில் தோற்றது! வரலாறு படைத்த நாளிலேயே ஐந்து முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொடுக்க நேர்ந்த அந்த இளம்பெண்ணின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் அத்தாய் இடைமறித்தார். "அதுக்குப் பொறவும் அவளத்தான் நிப்பாட்டுனாங்களா, அண்ணாச்சி?"

ஆம், நிறுத்தினார்கள். தொடர்ந்து அவ்வணிக்காக ஆடினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆசியக் கால்பந்து விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்த இங்கிலாந்தே ஒரு காலத்தில் பெண்களின் ஆட்டத்தைத் தடுத்த நாடு என்பதை இளையோர் அறியமாட்டார்கள். 1920-இல், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், லிவர்பூலில் நடந்த பெண்கள் ஆட்டத்தைக் காண ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். அடுத்த ஆண்டே, கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது எனக் கூறி, தன் கழகங்களின் மைதானங்களை அந்நாட்டுச் சங்கம் அவர்களுக்கு மூடியது. மீண்டும் திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. மாந்தோப்பில் நாம் கேட்ட கேள்வி அங்கும் கேட்கப்பட்டதே!

அவர் கையில் இல்லாத இழப்பு

இந்தியாவிற்காக அதிதி 57 ஆட்டங்களில் ஆடினார். தெற்காசியப் பட்டத்தை 2012, 2016, 2019 போட்டிகளில் வென்ற அணிகளில் அவர் இடம்பெற்றிருந்தார். 2020 பிப்ரவரியில் கோகுலம் கேரளா அணியோடு இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றார். 2021-இல் ஐஸ்லாந்து நாட்டின் ஹாமர் கழகத்திற்கும் ஆடினார். முழங்காலில் நேர்ந்த கடுங்காயங்களையும் வென்று மீண்டு வந்தவர் அவர்.

ஆயினும் பெருஞ்சோதனை 2022 சனவரியில் வந்தது. ஆசியக் கோப்பையில் மும்பையை அடுத்த நவி மும்பையில் இந்தியா ஆடத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக அதிதி கோல் வாயில் காத்தார். ஒரு கோலும் விழவில்லை, 0-0. அடுத்த ஆட்டத்திற்குள் கொரோனா அணியினர் பலரைத் தொற்றியது. களமிறக்கக் கட்டாயமாகத் தேவைப்பட்ட 13 பேர்கூட இல்லாமையால் இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. உலகக் கோப்பைக்குச் செல்லும் வழியும் அத்தோடு அடைபட்டது. கோல் வாயிலில் யாரும் தோற்கடிக்காத அணி, ஆடாமலே வெளியேறியது. எவ்வளவு காத்தாலும் நம் கைக்கு எட்டாதவை சில உண்டு என்பதைக் குடும்பம் நடத்துவோர் நன்கறிவர்.

2025 சூலை 5-ஆம் நாள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றின் வழியே அவ்வாறு தேறியது அதுவே முதன்முறை. அன்று கோல் காத்தவர் மணிப்பூரின் பாந்தோய் சானு. அதே மாதத்தில் அதிதி தம் ஓய்வை அறிவித்தார். காவல் கைமாறியது. தில்லியில் தாம் நிறுவிய கால்பந்துப் பயிலகத்தின் வழியாகச் சிறுமியரைப் பயிற்றுவிக்கும் பணியையும் அவர் மேற்கொண்டவர்.

நம் மாவட்டமும் இதில் பின்தங்கியதன்று. காரியாபட்டி அருகிலுள்ள சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்த சேது அணி, 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டு மகளிர் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றனர். அவர்களுள் பலர் எளிய குடும்பங்களின் பிள்ளைகளே.

வாசகப் பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: எல்லாச் சிறுமியரும் அதிதி ஆகிவிடமாட்டார்கள்; ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் விழுந்தபின் எழுவதையும், ஐந்து கோல் வாங்கிய மறுவாரம் அதே இடத்தில் தலைநிமிர்ந்து நிற்பதையும் ஒரு பெண் பிள்ளை சிறுவயதிலேயே கற்றுக்கொண்டால், அது எந்தச் சீதனத்திற்கும் குறைந்ததன்று. வீட்டைக் காக்கும் தாய்மாருக்கு இது புதிதுமன்று. அவர்கள் தடுத்து நிறுத்திய துன்பங்களை யார் கணக்கு வைத்தார்கள்?

சோறு உண்டு முடிந்ததும் பிள்ளைகள் மீண்டும் ஆடக் கிளம்பினர். சிறுமி எழவில்லை, தாயின் முகத்தையே பார்த்தாள். அவர் மகளின் அவிழ்ந்த சடையை இறுகப் பின்னி, முழங்காலில் ஈரத்துணி கட்டிவிட்டு, "கல்லு கெடக்குதான்னு பாத்து விழு" என்றார்.

செருப்புகளுக்கு நடுவே அவள் போய் நின்றாள்.