உறையுளும் உரிமையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. முன்னைய இரண்டும் அன்றாட உழைப்பால் ஒருவாறு கிடைத்தல் கூடும். உறையுளோ பல்லாண்டுச் சேமிப்பாலும் பிறர் துணையாலும் அமைவது. ஆதலின், எளியோர்க்கு வீடமைத்துத் தருதல் அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

தாமிரபரணியாற்றின் தென்கரையில் விளங்குவது ஆழ்வார்திருநகரி. பண்டு குருகூர் எனப் பெயர்பெற்ற அவ்வூர் நம்மாழ்வார் அவதரித்த தலமாகும். ஊரை வளம்படுத்தும் அவ்வாறே 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருந்துன்பமும் விளைத்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. ஆறு கரைபுரண்டு திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் முதலிய ஊர்களுள் புகுந்தது. மண்சுவர் வீடுகள் பல கரைந்து வீழ்ந்தன.

வெள்ளம் வருமென அறிந்தும் எளியோர் தாழ்ந்த இடங்களில் குடியிருப்பது ஏன்? மேட்டு நிலம் விலை மிக்கது. அதனை வாங்க இயலாதார் ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் உள்ள புறம்போக்கு நிலத்தில் குடிசை அமைக்கின்றனர். அந்நிலம் அவர்க்கு உரியதன்று. ஆதலால் பட்டா இல்லை. பட்டா இன்மையால் வீடு கட்டக் கடன் பெறுதல் அரிது. அரசின் உதவித்தொகை பெறுதலும் அரிது. எனவே, குடிசை குடிசையாகவே நின்று அடுத்த வெள்ளத்திற்கு இரையாகின்றது.

தமிழ்நாட்டில் வீட்டுவசதி வாரியம் 1961ஆம் ஆண்டில் தோன்றியது. வாரிய வீட்டைத் தவணை முறையில் பெறுவோர், தவணை முழுவதும் செலுத்தியபின் கிரயப் பத்திரம் பெற்று உரிமையாளர் ஆகின்றனர். நகர்ப்புறக் குடிசைவாழ் மக்களுக்கென 1970ஆம் ஆண்டில் தனி வாரியம் ஏற்பட்டது. சிற்றூர்க் குடிசைகளை மாற்றுதற்கு, 2030ஆம் ஆண்டிற்குள் 8 லட்சம் வீடுகள் கட்டும் திட்டம் 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன்படி வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படும்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் வீடமைப்புக் கழகம் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. முதலில் வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. 1964ஆம் ஆண்டு முதல் அவற்றை விலைக்குப் பெறும் வழி பிறந்தது. 1968ஆம் ஆண்டு முதல், ஊதியத்தில் கட்டாயமாகச் சேமிக்கும் வைப்பு நிதியைக் கொண்டே விலையைச் செலுத்த இசைவு கிடைத்தது. இன்று அந்நாட்டுக் குடும்பங்களுள் பத்தில் ஒன்பது சொந்த வீடுடையன. ஆயினும், கழகத்தின் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டவை; காலம் குறையக் குறைய அவற்றின் மதிப்பும் குறையும். அதுபற்றி அந்நாட்டார் இன்று ஆராய்கின்றனர்.

வீடு அமையும் இடமும் கருதத்தக்கது. சென்னையில் நீர்க்கரைகளில் வாழ்ந்தோர் பலர், 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்பின் புறநகராகிய பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். உறுதியான கூரை கிடைத்தது. ஆனால் பலருக்குத் தொழிலிடமும் பள்ளியும் தொலைவாயின. பிழைப்புக்கு எட்டாத வீடு பாதி வீடேயாகும்.

சுவர் எழுப்புமுன் மூன்றினை உறுதி செய்தல் வேண்டும்: வெள்ளம் எட்டாத மனை, அம்மனைக்குப் பட்டா, நடந்து செல்லும் தொலைவில் தொழில். இம்மூன்றும் பொருந்திய இடத்தில் எழும் வீடு சிறியதாயினும் தலைமுறைக்கு நிற்கும். தாமிரபரணிக் கரையில் வாழும் எளியோர்க்கு உரிமையோடு கூடிய மேட்டு மனை கிடைக்குமாயின், அடுத்த மழைக்காலத்தில் அவர்கள் அச்சமின்றி உறங்குவர்.