எடைக்கும் மூளைக்கும் நடுவே

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கிப் பாறை உடைத்த தலைமுறையில் தொப்பை அபூர்வம். 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களின் பிள்ளைகள் இன்று மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். ரயிலிலும் உட்கார்ந்தபடி, வேலையிலும் உட்கார்ந்தபடி. தட்டில் சோறு மட்டும் அப்பா சாப்பிட்ட அதே அளவு.

இதனால் எடை ஏறும், சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மூளையும் இதில் பாதிக்கப்படும் என்பது அவ்வளவாகத் தெரியாது. நம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் தாலுகாவில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைத் தாண்டிய கிராமத்தாரை 2018 முதல் கவனித்து வருகிறது. நினைவாற்றலோடு ரத்தத்தையும் உடல்நிலையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

குண்டானவர் மந்தமானவர் என்பது வெறும் கேலிப் பேச்சு. உண்மையில் நடப்பது வேறு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. உடலில் ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. பல வருடங்களில் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகின்றன. இன்னொன்று குறட்டை. இதை நாம் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கழுத்துக் கொழுப்பு மூச்சுவழியை அழுத்த, இரவில் பலமுறை மூச்சு நின்று நின்று வரும். மறுநாள் மறதி, எரிச்சல், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். சிகிச்சை எடுத்தால் இதில் பெரும்பகுதி சரியாகும்.

தராசை மட்டும் நம்பினால் நாம் ஏமாறுவோம். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து 2004-ல் ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு முக்கியம்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

வயதும் கணக்கில் வரும். லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டு தொடர்ந்த ஆய்வில், 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் நோய் வெளிப்படச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதுத் தாத்தா காரணமில்லாமல் மெலிந்தால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ‘ஸ்லீவ்’ போன்ற அறுவை சிகிச்சைகள் இப்போது பெருகிவிட்டன. அமெரிக்காவில் ஆய்வாளர் ஜான் கன்ஸ்டாட் குழுவினர், அறுவை முடிந்து 12 வாரத்திலேயே நினைவாற்றல் மேம்பட்டதைக் கண்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் மூன்றும் சீரடைவது காரணமாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு. அறுவைக்குப் பின் விடாமல் வாந்தி எடுப்பவருக்குச் சில வாரங்களிலேயே தையமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோகலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் தெரிவது எல்லாம் அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். பி12 குறைவு மெதுவாக வரும். எடை குறைந்துவிட்டதென்று வைட்டமின் மாத்திரையை நிறுத்துவது முட்டாள்தனம்.

பட்டினியும் மூளையை விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-ல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், பட்டினியின் விளைவை அறிய 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறையப் பாதி உணவே கொடுத்தார். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு; சிலர் சமையல் புத்தகங்களைப் படித்துக் கிடந்தார்கள். கவனம் நிற்கவில்லை என்றார்கள். ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் பெரிய சரிவு தெரியவில்லை.

சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகும் அனோரெக்சியா நோயில் மூளையே சுருங்குவது ஸ்கேனில் தெரிகிறது. எடை ஏறும்போது பெரும்பாலும் மீள்கிறது. ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இந்நோய் உள்ளவர்களுக்குக் கடினம். நம் வீடுகளில் இதை டயட் என்றோ பிடிவாதம் என்றோ நினைத்து, நோய் வந்தவரிடம் மணிக்கணக்கில் வாதாடுகிறோம். பசியில் வாடும் மூளைக்கு அந்த வாதம் ஏறாது. ஆகவேதான் மருத்துவர்கள் அறிவுரையை நம்பிக் காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே உணவையும் எடையையும் கவனிக்கிறார்கள். மனநல சிகிச்சை அதனோடு சேர்ந்தே நடக்கிறது.