முடிச்சுப் போடாத பணம்

சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். "இது தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்பும் பணம் ஒரு வகை. "வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவது இன்னொரு வகை. முதல் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது. திடீரென்று கூரை ஒழுகினாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், கைகொடுப்பது இரண்டாவது பணம்தான்.

உலகத் தொழிலாளர்களுக்காக ஜினீவாவிலிருந்து இயங்கும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் கணக்கிலும் இந்த இரண்டு வகைப் பணம் உண்டு. முதல் வகை நிறைய வருகிறது. இரண்டாவது வகைக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

மூவர் கூடும் சபை

முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் பிறந்தது இந்த ஸ்தாபனம். தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்பதே அது செய்த முதல் உடன்படிக்கை. இந்தியா ஆரம்பகால உறுப்பினர். 1928 முதலே இந்தியாவில் அதற்குக் கிளை அலுவலகம் உண்டு. 1969-ல் அதற்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

மற்ற உலக ஸ்தாபனங்களில் சர்க்கார்களுக்கு மட்டுமே ஓட்டு. இங்கே முதலாளிகளின் பிரதிநிதிக்கும் தொழிலாளர் பிரதிநிதிக்கும் ஓட்டு இருக்கிறது. நிர்வாகக் குழுவின் 56 இடங்களில் 28 சர்க்கார்களுக்கு, 14 முதலாளிகளுக்கு, 14 தொழிலாளர்களுக்கு. பணத்தின் கதையைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

சந்தா போதுமா?

187 உறுப்பு நாடுகளும் தத்தம் வசதிக்கேற்பக் கட்டும் சந்தாதான் ஸ்தாபனத்தின் நிலையான வருமானம். 2022-23 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு இந்தப் பட்ஜெட் சுமார் 85 கோடி டாலர். அலுவலகம், ஊழியர், மாநாடு, ஆராய்ச்சி எல்லாம் இதில்தான் நடக்கவேண்டும்.

சந்தாவும் எப்போதும் நிச்சயமல்ல. 1977-ல் அமெரிக்கா ஸ்தாபனத்தை விட்டு விலகியபோது பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கு போயிற்று. 1980-ல் அமெரிக்கா திரும்பி வரும்வரை சிக்கனம்தான்.

ஆகவே நேரடி உதவித் திட்டங்களுக்கு, நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையை நம்பவேண்டியிருக்கிறது. அந்த நன்கொடையில் பெரும்பகுதி, "இந்த நாட்டில், இந்த வேலைக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு" என்று முடிச்சுப் போட்டுத்தான் வருகிறது.

முடிச்சுப் போட்ட பணம்

அப்படி வந்த பணத்தால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைத் தொழிலை ஒழிக்கும் சர்வதேசத் திட்டம் 1992-ல் ஜெர்மனி தந்த பணத்தில்தான் தொடங்கியது. முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பின்னர் இந்திய சர்க்காரும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஆளுக்கு 2 கோடி டாலர் போட்டு ஒரு திட்டம் நடத்தின. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. சிவகாசி விருதுநகர் மாவட்டத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குழந்தைத் தொழில் பற்றிய இரண்டு முக்கிய உடன்படிக்கைகளையும் 2017-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது.

ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத பக்கத்து மாவட்டத்துக் குழந்தைக்கு அந்தப் பணம் போகாது. குறித்த காலம் முடிந்தால் பணமும் நின்றுவிடும். கொடுக்கும் நாட்டில் ஆட்சியும் மனமும் மாறினால், காலம் முடியும் முன்பே நிற்கும். 2025-ல் அமெரிக்கா வெளிநாடுகளில் குழந்தைத் தொழில், கட்டாயத் தொழில் ஒழிப்புக்காகத் தந்துவந்த நிதியை ரத்து செய்தபோது, பல நாடுகளில் வேலைகள் பாதியிலேயே நின்றன.

வீட்டுச் செலவுக்கான பணம்

இதற்கு ஒரு மாற்றாக 2008-ல் ஸ்தாபனம் தனியாக ஒரு துணைக் கணக்கைத் தொடங்கியது. இதில் போடும் பணத்துக்கு முடிச்சு கிடையாது. எந்த நாட்டில், எந்த வேலைக்கு, எப்போது செலவிடுவது என்பதை ஸ்தாபனமே தீர்மானிக்கும். ஒரே கட்டுப்பாடு, வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளில்தான் செலவிடவேண்டும். பெல்ஜியம், டென்மார்க், ஜெர்மனி, இத்தாலி, லக்ஸம்பர்க், நார்வே, ஸ்வீடன் முதலிய நாடுகள் இக்கணக்கில் பணம் போட்டிருக்கின்றன.

இதன் அருமை 2020-ல் தெரிந்தது. கொரோனா வந்து வேலைத்தலங்கள் மூடின. பிழைக்கப் போன இடத்திலிருந்து தொழிலாளர்கள் ஊருக்கு நடந்தே திரும்பினார்கள். அந்த ஆபத்து எந்த நாட்டின் நன்கொடைப் பத்திரத்திலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை. குறித்த வேலைக்கென்று வந்த பணத்தைத் திருப்பிவிட நன்கொடையாளரிடம் சம்மதம் வாங்கவேண்டும். முடிச்சில்லாத பணத்தை உடனே அவசர வேலைக்கு மாற்ற முடிந்தது.

கணக்கு கேட்பது தவறா?

அப்படியானால் எல்லா நாடுகளும் இப்படியே கொடுக்கலாமே? கொடுப்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வரி கட்டும் ஜனங்கள், "நம் பணம் எங்கே போயிற்று?" என்று பார்லிமெண்டில் கேட்பார்கள். தனித் திட்டம் என்றால் கட்டிய பள்ளியையும் மீட்ட குழந்தைகளையும் காட்டலாம். தன் நாட்டின் பெயரைப் பலகையில் எழுதலாம். பொதுக் கணக்கில் கலந்த பணத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதனால்தான் இக்கணக்குக்கு வரும் தொகை, மொத்த நன்கொடையில் மிகச் சிறிய பங்காகவே இருக்கிறது.

முடிச்சில்லாத பணம் என்றால் கணக்கில்லாத பணம் என்று அர்த்தமல்ல. மாநாடு நிறைவேற்றிய வேலைத் திட்டத்துக்குள்தான் அதைச் செலவிட முடியும். நிர்வாகக் குழு அதை மேற்பார்வை பார்க்கும். அந்த மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதிக்கும் ஓட்டு இருக்கிறது.

பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் ஓட்டல் சமையற்கட்டிலும் உழைப்பவருக்கு இந்த விவகாரத்தில் என்ன அக்கறை என்று கேட்டால், பதில் இங்கேதான் இருக்கிறது. முடிச்சுப் போட்ட பணத்தில் எந்தத் தொழிலாளியின் துயரம் முதலில் தீரவேண்டும் என்பதைப் பணம் கொடுப்பவர் சொல்கிறார். முடிச்சில்லாத பணத்தில் அதைச் சொல்ல, தொழிலாளியின் பிரதிநிதிக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.