நாரதர் வேடம் போட்ட காதல் மனைவி!

நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் ‘பொன்னியின் செல்வன்’ கண்ணில் படாமல் திரும்ப முடியாது. என்.எல்.சி. நிறுவனம் 1998-ல் தொடங்கிய இந்தக் கண்காட்சி வழக்கமாக ஜூலையில் களைகட்டும். நாவலும் ஓர் ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்து வீராணம்தான்!

அந்தக் கதை பிறந்த பத்திரிகைக்குப் பின்னால் ஒரு காதல் இருக்கிறது.

1930-களில் ஆனந்த விகடன் அலுவலகத்தில் இணைபிரியாத இரண்டு நண்பர்கள். ஒருவர், ‘கர்நாடகம்’ என்ற பெயரில் சூடாக இசை விமர்சனம் எழுதிய கல்கி. இன்னொருவர், விளம்பர வேலைகளைக் கவனித்த டி.சதாசிவம். 1936-ல் மதுரைப் பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமியை சதாசிவம் சந்தித்தார். முதல் மனைவியை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற அவரை 1940 ஜூலை 10 அன்று திருநீர்மலையில் எம்.எஸ். மணந்தார்.

புதுமணக் களை தீர்வதற்குள் சோதனை வந்தது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று வந்த கல்கி விகடனை விட்டு விலகியிருந்தார். சதாசிவமும் வெளியே வந்துவிட்டார். சொந்தப் பத்திரிகை தொடங்க ஆசை நிறைய. முதலுக்கு எங்கே போவது?

எம்.எஸ். கைகொடுத்தார். ‘சாவித்திரி’ படத்தில் சாவித்திரியாக நடித்தவர் சாந்தா ஆப்தே. எம்.எஸ்ஸுக்குக் கிடைத்ததோ ஆண் வேடம், நாரதர்! கணவரின் கனவுக்காகத் தம்பூராவும் கையுமாக நடித்தார். அந்தச் சம்பளம் பத்திரிகைக்கு முதலானது. 1941 ஆகஸ்ட் 1 அன்று ‘கல்கி’ முதல் இதழ் வந்தது. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது சும்மாவா?

கல்கியும் பதிலுக்குச் சீர் செய்தார். 1945-ல் வந்த ‘மீரா’ படத்துக்காக அவர் எழுதி, எம்.எஸ். பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ இன்றும் ஒலிக்கிறது. 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக ஆரம்பமானது.

1997-ல் சதாசிவம் மறைந்தார். அதன்பிறகு எம்.எஸ். கச்சேரி மேடை ஏறவில்லை. 57 வருட தாம்பத்தியம் அது.

அடுத்த முறை வந்தியத்தேவனை வாங்கும்போது, அந்த நாரதருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்!