பாலத்தடித் தகைவிலான்கள்

ஆற்றுப் பாலங்களின் அடியில் மண்கூடு அமைத்து வாழும் சிறு பறவைகளை நம்மவர் தகைவிலான் என்னும் ஒரே பெயரால் வழங்குவர். தகைவு என்பது தடை, இளைப்பு எனப் பொருள்படும். ஓயாது பறக்கும் புள்ளுக்கு ஏற்ற பெயரே. சிங்கள மக்களோ இவற்றையும், இவற்றோடு உருவொத்த உழவாரன்களையும் ஒருங்கே வெகிலிகினியா, அஃதாவது மழைப்புள், என்பர். இவ்வாறு ஒரு பெயருள் அடங்கியவற்றுள் ஒன்று இலங்கைக்கே உரியது என்பதைப் பலர் அறியார். அதனை இனங்காண்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருவீதி தென்னக்கும்புரவில் மகாவலி கங்கையைக் கடந்து பல்லேகலப் பக்கம் செல்கின்றது. இத்தகைய பாலத்தடியில் கூடு கட்ட ஈரச்சேறும், குஞ்சுக்கு இரையாகும் பூச்சியினமும், மழை படாத கூரையும் ஓரிடத்தே கிடைக்கின்றன. பாறை முழைஞ்சுகளை நாடிய பறவைகள் கொங்கிறீற்றுப் பாலத்தையும் வீதியோர மதகையும் மற்றொரு பாறையாகவே ஏற்றுக்கொண்டன போலும்.

முதற்கண் உழவாரனை விலக்குதல் வேண்டும். அதன் சிறகு அரிவாள்போல் வளைந்து ஒடுங்கியது. கால்களோ கம்பியிற் குந்துதற்கு உதவா. ஆதலின் மின்கம்பியில் வரிசையாய் அமர்ந்திருப்பவை உழவாரன்கள் அல்ல. அதன் கூட்டிலும் மண் இராது; இறகும் துரும்பும் உமிழ்நீரால் ஒட்டப்பட்டிருக்கும்.

எஞ்சுவன மூன்று. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் தகைவிலான் செப்ரெம்பர் அளவில் வந்து ஏப்பிரில் அளவில் மீளும். செங்கழுத்தின் கீழ் கருநீலப் பட்டி யொன்று மார்பின் குறுக்கே ஓடும். இஃது இலங்கையிற் கூடு கட்டுவதில்லை. இரண்டாவது மலைத் தகைவிலான், சிற்றுருவினது. நெற்றியும் கழுத்தும் செந்நிறம், வயிறு மங்கல் சாம்பல். மார்புப் பட்டியும் நீண்ட வாலிழைகளும் இல்லை. வீடுகளின் விறாந்தையிலும் அஞ்சாது கூடு கட்டுவதால் 'வீட்டில் வாழ்வது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் பெற்றது.

மூன்றாவதே இலங்கைத் தகைவிலான். கழுத்து முதல் அடிவயிறு வரை கோடற்ற ஆழ்ந்த செம்மை. பறத்தலில் விரைவு குறைவு, மிதத்தல் மிகுதி. எனினும் வயிற்றுச் செம்மை ஒன்றையே நம்புதல் தகாது. சைபீரியாவிலிருந்து அரிதாக வரும் தகைவிலான் வகையொன்றுக்கும் வயிறு சிவந்தேயிருக்கும். பறவை திரும்பும்போது முதுகின் அடிப்பகுதியை நோக்குக: அங்கும் செம்மையாயின் நம் நாட்டினம், நீலமாயின் விருந்தினம். இந்திய நூல்களைத் துணைக்கொள்வோர்க்கு வேறொரு மயக்கம் நேரலாம். ஆங்கு நீரோரப் பாலங்களுக்கு உரியதாய்ப் பேசப்படும் கம்பிவால் தகைவிலான், இலங்கைக்கு எப்போதோ வழிதவறி வருவது.

பறவை அகன்றிருப்பினும் கூடு சான்று பகரும். மலைத் தகைவிலானின் கூடு சுவரிற் பதித்த அரைக் கிண்ணம், மேற்புறம் திறந்தது. இலங்கைத் தகைவிலானின் கூடோ கூரையோடு ஒட்டிய மண்குடுவை. பக்கவாட்டில் நீண்ட கழுத்தே அதன் வாயில். உள்ளே இறகு மெத்தை. அலகாற் கொணர்ந்த சேற்றுருண்டைகளை ஒவ்வொன்றாக வைத்து இத்தகைய கழுத்தை வளைத்தெடுப்பது எளிய வேலையன்று.

1849 இல் எட்வேட் பிளைத்து இப்பறவைக்குப் பெயரிட்டார். எனினும் நெடுங்காலம் இது செம்பிட்டத் தகைவிலானின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டது. ராஸ்முசனும் அண்டர்ட்டனும் 2005 இல் வெளியிட்ட தென்னாசியப் பறவை நூலில் தனியினமாகக் கொண்டனர். நூலகத்திற் பழைய நூல்களைப் புரட்டுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. அவற்றில் இதன் தனிச்சிறப்புத் தோன்றாது.

மார்ச்சு முதல் யூன் வரை இது பெரிதும் முட்டையிடும் காலம். பாலத்துக்குச் சுண்ணம் பூசுவோரும் மதகு துப்புரவு செய்வோரும் கோலால் ஒருமுறை தட்டினால் கூடும் குஞ்சும் நீரில் வீழும். நிறம் பார்த்து இனந்தெரிய அவர்க்குப் பொழுதிராது. கழுத்துடைய கூடாயின் குஞ்சு பறக்கும்வரை விடுக என்று சொல்லிவைத்தால், அவ்வோர் அடையாளமே அவர்க்குப் போதும்.